ஏழு வரிச் சீட்டு

ஜனவரி ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை ஆறேகால் மணிக்கு நாங்கள் ஆறு கான்கிரீட் கட்டைகளை வார்த்தோம். இது என் நாட்குறிப்பில் இருக்கிறது. சிமெண்ட் எவ்வளவு, மணல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் எத்தனை முறை குத்தினோம் என்பதெல்லாம் இருக்கிறது. அதே பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘ஜா. – 1’ என்று எழுதியிருக்கிறேன். அதை எழுதலாமா கூடாதா என்று அன்றைக்கே தயங்கினேன். பென்சில்தானே, அழித்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டேன்.

ஜா. என்றால் ஜாய்சி. மாலை நேர எம்.இ. வகுப்பில் நாங்கள் பதினான்கு பேர், எல்லாருமே பகலில் வேலை பார்க்கிறவர்கள். ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி எட்டே முக்காலுக்கு முடியும் வகுப்பு. மூன்று வருடம் இப்படி ஓட்ட வேண்டும். பெண்கள் இரண்டே பேர்தான். நான் திருநெல்வேலிப் பேட்டையில் உள்ள தொழிற்பேட்டையில் ஷெட்டுக்கும் கிரில்லுக்கும் வரைபடம் போடுகிறேன். ஜாய்சி அங்கேயே தரையில் பதிக்கும் கல், தூண், விட்டம் எல்லாம் வார்க்கிற கம்பெனியில் தரம் பார்க்கிறாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஆனாலும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அவள் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தது.

அன்று அச்சின் விளிம்பைக் கரண்டியால் வழித்துக்கொண்டே அவள் சொன்னாள். “இதுக்கு இருபத்தெட்டு நாளு, என்ன? எனக்கும் இன்னைக்குத்தான் மொத நாளு. ரெண்டையும் சேத்து எண்ணிக்கோ மீனு. நீதான் மூச்சு விட்டாக்கூட எழுதி வைப்பியே.”

கட்டையை வார்த்த இருபத்தெட்டாம் நாள் உடைத்துப் பலம் பார்ப்போம். அவளுடைய முதல் நாள் மாதவிலக்கின் முதல் நாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கல்யாணமாகி நான்கு வருடமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. கணவன் சுஜின் கப்பலில் வேலை பார்க்கிறவன். நான்கு மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். அவன் வீட்டில் இருக்கிற மாதங்களில்தான் ஆஸ்பத்திரி. ஆகஸ்டில் ஒரு முறை பார்த்துத் தோற்றார்கள். அந்த மாதம்தான் அவளுக்கு இந்தப் படிப்பில் இடமும் கிடைத்தது. டிசம்பரில் இன்னொரு முறை தோற்றபோது மாமியார் ஞானசௌந்தரி வகுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அவரைக் கொடுமைக்காரி என்று எழுதினால் அது பொய். மருமகள் வேலைக்கும் வகுப்புக்கும் போக வேண்டும் என்பதற்காகவே ராதாபுரத்துக்குத் தெற்கே இருக்கிற தன் கடற்கரை ஊரை விட்டுப் பேட்டைக்கு வந்து சமைத்துப் போடுகிறவர் அவர். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு எவர்சில்வர் டப்பா ஒன்றில் நான்கு இட்லியோ சுண்டலோ வைத்து ஜாய்சியின் பைக்குள் திணிப்பார். அதில் பாதி எனக்கு.

“நான் படிக்காண்டாம்னு சொல்லல” என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். “விடிய எந்திச்சு வேலைக்கி ஓடுதா. அங்கன சிமெண்டுத் தூசி. அந்தி ஆனா பஸ்ஸப் புடிச்சி கிளாசுக்கு ஓடுதா. ஒம்பதரைக்கு வந்து தட்டு முன்னாடி தூங்குதா. பிள்ள எங்கன தங்கும், நீயே சொல்லு.”

ஜாய்சி படிப்பதற்குக் காரணம் உண்டு. கம்பெனியில் தூண், விட்டம் என்று எல்லாக் கணக்கையும் அவள்தான் போடுவாள். கடைசியில் எம்.இ. முடித்த வேறொருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். “என் கணக்குல என் கையெழுத்து இருக்கணும், அவ்ளதான்” என்பாள். அதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் டிசம்பரில் ஒரு வாக்கு மட்டும் கொடுத்திருந்தாள். சுஜின் பிப்ரவரியில் கப்பலுக்குப் போவதற்குள் ஜனவரியில் இன்னொரு முறை பார்ப்பது. அதுவும் இல்லையென்றால் வகுப்பை நிறுத்திவிடுவது.

பொங்கல் வாரம் முழுக்க முட்டை வளர்வதற்கு ஊசி. ஜாய்சியின் அடுத்த வீட்டு ஷம்ஸியா அக்கா நர்ஸ். வேலை முடிந்து வருகிற வழியில் வீட்டுக்கு வந்து போட்டுவிடுவார். பதினேழாம் தேதி சனிக்கிழமை காலை ஸ்கேன். வெளியே வந்த ஜாய்சி என்னிடம் போனில் சொன்னாள், “பதினெட்டு எம்.எம். இருக்காம். முட்டைய நம்ம கம்பி அளக்க மாதிரி அளக்காங்க மீனு.”

ஞாயிற்றுக்கிழமை மாலை சரியாக ஏழு மணிக்கு ஓர் ஊசி. அது முட்டையை வெடிக்கவைக்கிற ஊசி. அதன்பின் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சுஜினின் விந்தணுவை உள்ளே செலுத்துவார்கள். இந்த நேரக் கணக்குதான் எல்லாமே என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடையில் ஞாயிறு காலை ஊரில் கோயில் திருவிழா. அன்றைக்கு அசனம், ஊர் முழுக்கச் சேர்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. அதற்கு அரிசி கொடுப்பதாகவும் பிள்ளை வேண்டி ஜாய்சியே தன் கையால் பரிமாறுவதாகவும் மாமியார் நேர்ந்திருந்தார். திங்கட்கிழமை மாலை எங்களுக்கு உள்தேர்வு.

“ஊசிய கூடவே கொண்டு போவோம். ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்குக் கெளம்புனா அஞ்சரைக்கு வந்துரலாம்” என்றான் சுஜின். “தங்கச்சியும் வரட்டும். அங்கன ரெண்டு பேரும் படிச்சிக்கிடுங்க.”

அன்று மதியமே நானும் அவர்களோடு போனேன். நீலநிறக் குளிர்பையில் ஊசி, அதனோடு ஜெல் கட்டி ஒன்று. ராதாபுரம் தாண்டியதும் பனைகளும் காற்றாலைகளுமாக வந்தன. பஸ்ஸுக்குள் நான் மூன்று முறை பையைத் தொட்டுப் பார்த்தேன். “ஏ, அது குஞ்சு பொரிக்கப் போறதில்ல” என்று ஜாய்சி என் கையைத் தட்டிவிட்டாள்.

சுஜினின் அப்பா ஞானப்பிரகாசம் கடற்கரையில் ஐஸ் வியாபாரி. விடிகாலையில் வள்ளங்கள் கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும் அதைப் பெட்டிகளில் அடுக்கி ஐஸ் போட்டு வெளியூர் அனுப்புவதுதான் அவர் வேலை. விரல் நுனியெல்லாம் ஐஸில் ஊறி வெளுத்து, தோல் உரிந்து இருக்கும். முந்தைய நாளே திருவிழா வேலைக்கு வந்துவிட்ட மாமியார் மாங்காய் போட்டுச் சாளைக் குழம்பு வைத்திருந்தார். சாப்பிடுவதற்கு முன்பே அவர் ஊசியை வாங்கி வீட்டுக் குளிர்பெட்டியில், கதவுப் பக்கத்துத் தட்டில் வைத்தார். பிறகு கைப்பிடியைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

திருவிழா வீடு. தண்ணீர் கேட்டு ஒவ்வொருவராக வந்தார்கள்.

“ஏன் மச்சான், பிரிட்ஜக் கட்டிப் போட்டிருக்கியரு? கடிச்சிருமா?” என்று ஓர் உறவினர் கேட்டார்.

“தண்ணி பானையில இருக்குவே. இதுக்குள்ள என் பேரப்பிள்ள இருக்கு” என்றார் ஞானப்பிரகாசம்.

வீடே சிரித்தது. ஜாய்சி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். அன்று இரவுக்குள் தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

மறுநாள் பூசை முடிந்து கொட்டகையில் அசனம் நடந்தது. ஜாய்சி இடுப்பில் துப்பட்டாவைச் செருகிக்கொண்டு சோற்று வாளியோடு ஐந்து பந்திக்கு நடந்தாள். ஒவ்வோர் இலையிலும் குனிந்து நிமிர்ந்து வைத்தாள். சில கிழவிகள் கையை வயிற்றுப் பக்கம் நீட்டி ஏதோ முணுமுணுத்தார்கள். அவள் எல்லாருக்கும் தலையாட்டினாள். வெயில் சுரீர் என்றிருந்தது. எனக்கோ ஊசியின் நினைப்புதான். ஜெல் கட்டி முந்தின நாளே உருகிவிட்டது. மறுபடி உறைய வைக்கலாம் என்றால் திருவிழாவுக்காகப் போட்ட விளக்குகளின் பாரம் தாங்காமல் கரண்டு போய்ப் போய் வந்தது.

அதனால் நான் ஒரு சீட்டு எழுதினேன். இதை எழுதும்போதும் அந்தச் சீட்டு எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. மொத்தம் ஏழு வரி. குளிரிலேயே இருக்க வேண்டும். வெயில் படக்கூடாது. பெட்டியைச் சாய்க்கக்கூடாது. வழியில் திறக்கக்கூடாது. பஸ்ஸில் என்ஜின் பக்கம் வைக்கக்கூடாது. மாலை ஏழு மணிக்குப் போட வேண்டும். ஏழாவது வரியில் ஷம்ஸியா அக்காவின் போன் நம்பர். இதை ஞானப்பிரகாசத்திடம் கொடுத்தேன்.

அவர் ஒவ்வொரு வரியாக உதடசைத்துப் படித்தார். “குளிரு தானம்மா வேணும்? அத என்கிட்ட விடு. மாசுமருவில்லாம அனுப்புதேன்.”

சின்னத் தெர்மக்கோல் பெட்டி ஒன்றை எடுத்துக் கழுவிக் காயவைத்தார். ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி மரக்கட்டையால் அடித்து நொறுக்கினார். அடியில் ஓர் அடுக்கு. அதன்மேல் கல் உப்பு ஒரு கை. பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றிய ஊசி. மேலே ஐஸ், மறுபடி உப்பு, மறுபடி ஐஸ், மறுபடி உப்பு.

“உப்பு எதுக்கு மாமா?” என்று கேட்டேன். ஜாய்சி கூப்பிடுவது போலவே நானும் கூப்பிடப் பழகியிருந்தேன்.

“சீலா மீனு கேரளாவுக்குப் போறப்ப இப்டித்தான் போடுவோம். வெறும் ஐஸு சீக்கிரம் தண்ணியாப் போவும். உப்பு விழுந்தா குளிரு ஏறி கல்லுமாரி கெடக்கும். திருநவேலில போயி தொறந்து பாரு.”

என் நாட்குறிப்பில் ‘கல் உப்பு மூன்று கைப்பிடி’ என்று இருக்கிறது. உப்புச் சேர்ந்தால் ஐஸின் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. நான் இன்ஜினியர். மூன்று கைப்பிடி என்று எண்ணி எழுதினேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மாமியார் திருவிழா முடிந்து கொடி இறங்கும்வரை ஊரில் தங்கிவிட்டார். நாங்கள் மூவரும் ஐந்தே முக்காலுக்குப் பேட்டை வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் பெட்டி என் மடியில்தான் இருந்தது. ஆறரைக்கு ஷம்ஸியா அக்கா வந்து கைகழுவினார். பெட்டியைத் திறந்தார். ஐஸ் ஒட்டிக்கொண்டு ஒரே பாறையாகக் கிடந்தது. சுஜின் கரண்டிக் காம்பால் குத்தித்தான் உறையை எடுக்க வேண்டியிருந்தது. அக்கா ஊசியை டியூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

“ஏ ஜாய்சி, இங்கன பாரு.”

கண்ணாடிக் குழலுக்குள் இருந்த மருந்து வெள்ளையாக, ஒரு சின்ன ஆணி போல நின்றது.

“ஒறஞ்சு போச்சே” என்றார் அக்கா. “இரு, ஆஸ்பத்திரிக்கிக் கேப்போம்.” ஓரமாக நின்று பேசிவிட்டுப் போனை வைத்தார். “ஒறஞ்சத உருக்கிப் போடக்கூடாதாம். வேற வாங்கச் சொல்லுதாங்க. அவங்க மருந்துக்கடை காலைலதான் தொறப்பாங்களாம்.”

சுஜினுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவன் வண்டிச் சாவியைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருந்த மருந்துக்கடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் அவனுக்கு அது கிடைத்தது. ஊசி போட்டபோது மணி ஒன்பது பத்து. இரண்டு மணி பத்து நிமிடம் தாமதம் என்று எழுதினேன்.

அக்கா போனபிறகு சுஜின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். “அப்பாட்ட சொல்லாண்டாம் ஜாய்சி. அந்த மனுசன் ஒடஞ்சு போயிருவாரு.”

“நான் என்னத்தச் சொல்லப் போறேன்” என்றாள் ஜாய்சி.

அப்போதே போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஞானப்பிரகாசத்தின் குரல். “ஏலே, ஐஸு எப்டி இருந்துச்சு?”

சுஜின் ஜாய்சியைப் பார்த்தான். “கல்லு மாரி இருந்துச்சுப்பா.”

“நான் சொன்னேம்லா. அந்தப் பிள்ளைட்ட சொல்லு, சீட்டுல உள்ள ஒண்ணுகூட நான் விடல.”

அந்தப் பிள்ளை நான்தான். சீட்டில் உள்ள ஒன்றையும் அவர் விடவில்லை. உறையக்கூடாது என்பது சீட்டில் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அன்றுதான் விரித்துப் படித்தேன். இரண்டாவது வரியிலேயே இருந்தது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமைத் தேர்வில் ஜாய்சி ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. நான் முப்பத்தெட்டு. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. தாமதத்தைப் பற்றி டாக்டரிடம் சொன்னபோது, பார்ப்போம் என்றாராம். அன்று மாலையே ஜாய்சி ஆய்வகத்துக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அதன்பின் இரண்டு வாரக் காத்திருப்பு. மாமியார் திரும்பி வந்து பப்பாளியை வீட்டுக்குள் விடவில்லை. ஸ்கூட்டர் கூடாது, பஸ்ஸில் கடைசி சீட்டு கூடாது என்றார். டப்பாவில் இட்லியோடு பேரீச்சம்பழமும் சேர்ந்தது. வகுப்பு மூன்றாவது மாடியில். ஐம்பத்து நான்கு படி. ஜாய்சி ஒரு கையால் சுவரைப் பிடித்துப் பைய ஏறுவாள். நான் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஒரு படி பின்னால் வருவேன். விழுந்தால் பிடிப்பதற்கு என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஏன் விழப்போகிறாள் என்றும் தோன்றும்.

பிப்ரவரி மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து எங்கள் கட்டைகளை எடுத்துத் துடைத்தோம். கட்டையின் முகத்தில் நான் எழுதிய தேதி அழியாமல் இருந்தது. முதல் கட்டையை எந்திரத்தில் வைத்துவிட்டுப் பார்த்தால் ஜாய்சியைக் காணவில்லை. கழிப்பறைப் பக்கமிருந்து ஈரக்கையைச் சுடிதாரில் துடைத்தபடி வந்தாள்.

“வந்துட்டு மீனு” என்றாள்.

நான் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

“லோடு போடு. சார் பாக்காரு.”

நெம்புகோலைத் திருப்பினேன். முள் மெல்ல ஏறியது. கட்டையின் பக்கங்களில் கோடு விழுந்து மூலைகள் உதிர்ந்து, டப் என்று உடைந்தது. வர வேண்டியதைவிட நல்ல பலம் வந்திருந்தது. ஜாய்சியே அதைச் சத்தமாகப் படித்துச் சொன்னாள். அவள் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. நான்தான் எண்ணை மாற்றி எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். ஓரத்தில் மறுபடியும் பென்சிலால் ‘ஜா. – 1’.

புதன்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. வியாழனும் வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை கம்பெனி வாசலில் பார்த்தேன்.

“சொன்ன சொல்லு மீனு. மாமி ஒண்ணும் சண்டை போடல. டப்பா வைக்கதில்ல, அவ்ளதான். ‘ஐம்பத்து நாலு படி ஏறுனா எப்டி தங்கும்’னு மட்டும் கேட்டாவ.”

படிக்கணக்கை மாமியாரிடம் சொன்னது நான்தான். பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

“ஊசி ஒறஞ்சது, ரெண்டு மணி நேரம் தப்புனது... அதச் சொல்லலாம்லா?”

“டாக்டர்ட்ட கேட்டேன். அதனாலதான்னும் சொல்ல முடியாதாம், அது இல்லன்னும் சொல்ல முடியாதாம். இதச் சொல்லி மாமா தலையில பழியப் போடவா?” பையைத் தோள் மாற்றிக்கொண்டு, “இவ்வளவுக்கும் சுஜின் வாயத் தொறக்கல பாரு. அவ கிளாசால ஒண்ணும் இல்லம்மான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். சொன்னா, பெறவு எதாலன்னு கேப்பாவல்லா. அதான்” என்றாள். “நிப்பாட்டுததுக்கு லெட்டர் எழுதித் தா. உன் கையெழுத்து நல்லாருக்கும். திங்கட்கெழமை கையெழுத்துப் போட்டுத் தாறேன்.”

நான் எழுதினேன். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று தொடங்கியது. நாட்குறிப்புக்குள் வைத்து எடுத்துக்கொண்டு ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சுஜின் கப்பலுக்குப் போகிறான். அவனை வழியனுப்ப ஞானப்பிரகாசம் ஊரிலிருந்து வந்திருந்தார். பெரிய தெர்மக்கோல் பெட்டியில் சீலா மீன். மாமியார் அதைத் துண்டு போட்டுக் குழம்பும் பொரியலுமாக்கி, எல்லாரும் சாப்பிட உட்காரும்போது மணி நான்கு ஆகிவிட்டது. “நீயும் இரு பிள்ள” என்று எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

கொஞ்ச நேரம் மீனைப் பற்றிப் பேச்சு ஓடியது. பிறகு ஞானப்பிரகாசம் மருமகளைப் பார்த்துச் சொன்னார், “வெசனப்படாத மக்களே. இவன் ஜூன்ல வருவாம்லா. அப்பம் பாத்துக்கிடலாம்.”

“அதுக்குள்ள ஒடம்பத் தேத்தட்டும்” என்றார் மாமியார். “கிளாஸ நிப்பாட்டுதேன்னு அவளே சொல்லிட்டா. இந்தப் பிள்ள லெட்டரும் கொண்டாந்திருக்கு.”

ஜாய்சி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுஜின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். அந்தத் துண்டில் அவ்வளவு முள் கிடையாது.

ஞானப்பிரகாசம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் சீட்டு. நான்காக மடித்திருந்தது. ஓரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. “இத பத்திரமா வச்சிருக்கேன். ஆனி மாசம் காத்து அடிக்கும், ஆனாலும் வெயிலு இருக்கும். மூணு கை உப்பு பத்தாது. அஞ்சு கை போடணும். ஏ சௌந்தரி, ஊர்ல அத்தன பேருட்டயும் சொல்லிட்டேன், ஊசி திருநவேலி போயி கல்லு மாரி எறங்குச்சின்னு.”

ஜாய்சி தலையைத் தூக்கிச் சுஜினைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் அவளே பேசிவிட்டாள்.

“உப்பு போடாண்டாம் மாமா.”

“ஏன் மக்களே?”

“உப்பு போட்டா மருந்து ஒறஞ்சிரும். ஒறஞ்சா அது வீணு.”

பெரியவரின் கை சோற்றிலேயே நின்றது. “அன்னைக்கி?”

“அப்பா, அதெல்லாம் ஒண்ணும்...” என்றான் சுஜின்.

“நீ இருலே. நீ கல்லு மாரி இருந்துச்சுன்னு சொன்ன.”

“இருந்துச்சு” என்றான் சுஜின், மெதுவாக.

ஜாய்சி எல்லாவற்றையும் சொன்னாள். புது ஊசி, பாளையங்கோட்டைக் கடை, இரண்டு மணி பத்து நிமிடம். “ஆனா அதனாலதான் இப்டின்னு நான் சொல்லல மாமா. டாக்டரே சொல்லல.” பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். “அதே மாதிரி கிளாசாலதான்னும் யாரும் சொல்ல முடியாது மாமி. எதாலன்னு யாருக்கும் தெரியல.”

மாமியார் ஒரு துண்டு மீனை எடுத்துக் கணவர் தட்டில் வைத்தார். “ஆறுது, சாப்பிடுங்க.”

“தப்பு என் சீட்டுல மாமா” என்றேன். “ஒறயக் கூடாதுன்னு நான் எழுத விட்டுட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு, சீட்டைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

“எட்டாவதா எழுது.”

எழுதினேன். ‘ஐஸ் மருந்தைத் தொடக்கூடாது. உப்பு கூடவே கூடாது.’ என் கையெழுத்து அன்று நன்றாக வரவில்லை. அவர் வாங்கி உதடசைத்துப் படித்தார். செதிலை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி நான்காக மடித்துப் பையில் வைத்தார். வெளுத்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “மணி அஞ்சாவுது. உங்க கிளாசு எத்தன மணிக்கி?”

கேள்வி யாருக்கு என்று தெரியவில்லை. மாமியார் அவரையே பார்த்தார்.

“அஞ்சே முக்கால்” என்றேன்.

“அப்பம் ஏன் உக்காந்திருக்கிய? பஸ்ஸு நிக்குமா?” என்றவர், மனைவியிடம் திரும்பினார். “நாப்பது வருசமா ஐஸு போடுதேன். நானே தெரியாமத்தான செஞ்சேன். அவள மட்டும் ஏம்ட்டி சொல்லணும்?”

“நான் யாரையும் ஒண்ணும் சொல்லல” என்று மாமியார் எழுந்து அடுக்களைக்குள் போனார்.

ஜாய்சி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சுஜின்தான் உள்ளே போய் அவளுடைய பையை எடுத்துவந்து, “வண்டில கொண்டு விடுதேன், வா” என்றான். “நீ நாளைக்கிப் போறவன், பெட்டி கட்டு. நாங்க பஸ்ல போறோம்” என்று அவள் பையை வாங்கிக்கொண்டாள். செருப்பு மாட்டும்போது மாமியார் வாசலுக்கு வந்தார். கையில் எவர்சில்வர் டப்பா. சூடாக இருந்தது. அதை ஜாய்சியிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார்.

“ரெண்டு துண்டு மீனு இருக்கு. அந்தப் படியில இத நீ தூக்கிட்டு ஏறு.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜாய்சி வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். திரும்பியபோது இல்லை. “லெட்டர எடு” என்றாள். கொடுத்தேன். முன்பக்கத்தை ஒருமுறை படித்தாள். “நல்லாத்தான் எழுதிருக்க” என்று சொல்லித் தாளைத் திருப்பினாள். மடியில் புத்தகத்தின் மேல் வைத்து, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் ஒரு விட்டமும் இரண்டு தாங்கிகளும் வரைந்தாள்.

“புதன்கெழமையிலேருந்து நடத்துனதச் சொல்லு. மொதல்லேருந்து சொல்லு.”